அம்மா குடித்த தோல்

எனக்கு எதைக் கண்டாலும் குமட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முட்டை போண்டா பொட்டலத்தைப் பிரித்தால் குமட்டும். அலுவலகத்தில் யாராவது டீயில் பிஸ்கட்டை முக்கி, அது உடைந்து உள்ளே விழுந்து, அதை விரல் விட்டுத் துழாவி எடுத்தால் அன்று முழுக்க எனக்கு டீ இறங்காது. என் மேஜையில் அடுத்தவர் டம்ளர் வைத்த ஈர வளையத்தைக்கூட நான் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். திமிர் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இது அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சீதனம். அம்மாவிடம் இது என்னைவிடப் பல மடங்கு அதிகம்.

அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட என் அப்பா, ஆம்பூரில் பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் ஷாப்பு என்றால் தோல் விற்கிற கடை இல்லை. பச்சைத் தோலைப் பதப்படுத்தும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அதிலும் அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டிப் பிரிவு. உப்பு போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மேலே மயிரையும் உள்பக்கத்து ஜவ்வையும் எடுக்கிற இடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் தெருவிலிருந்தே குரல் கொடுப்பார். அம்மா பின்பக்கம் வரச் சொல்வாள். அங்கே வாளித் தண்ணீரும் சோப்பும் தயாராக இருக்கும். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் அனுமதி. கழற்றிப் போட்ட சட்டையை அம்மா ஒரு குச்சியால் தூக்கி, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, தனி வாளியில் ஊறப்போடுவாள். அப்பா இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதே இல்லை. உங்கம்மாவுக்கு எக்ஸ்போர்ட் குவாலிட்டி மூக்கு என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன.

எழுபதைத் தாண்டிய அந்த அம்மா, ஆம்பூரில் அண்ணன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் வேலூரில்தான் இருக்கிறேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, துணைக்கு இருக்கும் ஆளாக நானே போய்ச் சேர்ந்தேன். அண்ணனுக்கு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, லீவு கிடைக்காது என்றான். அவனுக்கு எப்போதும் கிடைக்காது.

ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் உட்கார்ந்து பேசினார். முன்பெல்லாம் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கப் போடுவார்கள், இப்போது அப்படி இல்லை, சின்னதாகக் கிழித்து உள்ளே ஒரு கம்பியை இறக்கிவிடுவோம், மறுநாளே எழுப்பி நிறுத்திவிடுவோம் என்றார். எலும்பைச் சேர்த்து வைப்பது என் வேலை, ஆனால் எழுந்து நிற்பதற்குத் தொடையில் சதை வேண்டும், வயதானவர்களுக்குப் படுத்த படுக்கையில் அது மளமளவென்று கரைந்துபோகும், அதனால் கத்தி வேலையைவிடச் சாப்பாட்டு வேலைதான் பெரியது என்றும் சொன்னார். முட்டை, பருப்பு, மீன், கறி எது பிடிக்குமோ அது. அண்ணன் பலமாகத் தலையாட்டினான்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நானா எழுந்து பாத்ரூம் போவனா டாக்டர்?"

சாப்பிட்டால் போவீர்கள் என்றார் அவர்.

அந்தக் கேள்வியின் எடை எனக்கு அன்று மத்தியானமே புரிந்துவிட்டது. அவளுக்கு முதல்முறையாக பெட்பேன் வைத்தவள் நான்தான். வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, எனக்குக் குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் என் குமட்டல் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியிருந்தாள். தன் நாற்றத்தையே அவளால் தாங்க முடியவில்லை.

"என்னப் பாக்காத. செவுத்தப் பாரு," என்றாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அந்தச் சுவரில் பெயிண்ட் உரிந்த இடங்கள் எனக்கு இன்றும் மனப்பாடம்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்படி முறிவோடு வருகிற வயதானவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சின்ன வெட்டு ஆபரேஷனோடு, முன்னும் பின்னும் சத்தான சாப்பாடும் கொடுத்து, சீக்கிரமே நடக்கவும் பழக்கினால், பழையபடி தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிற அளவுக்கு வருகிறார்களா என்று பார்க்கிற ஆராய்ச்சி. சிலருக்குச் சாப்பாட்டு ஆலோசனையோடு கூடவே ஒரு சத்துமாவும் உண்டு. யாருக்கு மாவு என்பது குலுக்கல் முறையில். அம்மாவுக்கு மாவு விழுந்தது. அதற்கு முன்பே இதையெல்லாம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க, உணவு ஆலோசகராக இருந்த இளம்பெண் ஒருத்தி வந்தாள். நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம். அண்ணன்தான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். கேட்டான் என்றால், ஒரு கண் போனில் இருந்தது என்று அர்த்தம். கடைசியில் நீங்கள் சைவமா என்று அவள் கேட்டாளாம். ஆம்பூர்க்காரனைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்களே என்று அண்ணன் இதை எல்லோரிடமும் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வெட்டு, என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. மறுநாள் பிசியோதெரபி செய்கிறவர் வந்து அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார். தொடை கிடுகிடுவென்று நடுங்கியது. ஆனாலும் நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் தின்ன வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

அப்போதுதான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளும் ஆம்பூர்தான். தினமும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். பித்தப்பையை எடுத்த ஆபரேஷன் ஒன்று அவளுக்கு ஒருகாலத்தில் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் உடம்பில் கத்தி பட்டாலும் தலைமை மருத்துவர் அத்தைதான். எங்கள் ஊர்ப்பக்கம் உடம்பில் தையல் என்று ஒன்று போட்டுவிட்டால் பத்தியம் உடனே ஆரம்பித்துவிடும். முட்டை கூடாது, சீழ் வைக்கும். பருப்பு கூடாது, அதுவும் சீழ். கத்திரிக்காய் அரிக்கும். கறி, மீன் பேச்சே எடுக்கக் கூடாது. மிச்சம் இருப்பது பாலில் தோய்த்த ரொட்டி, பன், ரஸ்க், இரண்டு இட்லி, ரசம். வார்டில் எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் தலைமாட்டில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும். ஊறிப்போன ரொட்டி பாலில் மிதப்பதைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அத்தை அதைக் கையாலேயே பிசைந்து, உருட்டி, அம்மாவின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். அம்மா ஸ்பூன் கேட்டாள்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் தினமும் அவித்த முட்டை வரும். அம்மா அதைத் தொடவில்லை.

"முட்டை துன்னா சீழ் வெச்சிடும் அண்ணி. சொல்றத சொல்லிட்டேன்," என்றாள் அத்தை.

சீழ் என்ற ஒரு சொல் போதும். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. தன் உடம்பிலிருந்து மஞ்சளாக ஒன்று வடிவதையும் அது நாறுவதையும் அந்தக் கணமே பார்த்துவிட்டாள். நான் டாக்டரிடம் போய் முறையிட்டேன். அவர் வந்து, முட்டைக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை, தையல் ஆறுவதற்கே முட்டை வேண்டும் என்று அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். அத்தையும் பவ்யமாகத் தலையாட்டிக் கேட்டாள். டாக்டர் கதவைத் தாண்டியதும், டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் வீட்டில் இப்படிக் கொடுப்பார்களா கேட்டுப் பார் என்றாள். பிறகு வீணாகக் கூடாது என்று அந்த முட்டையை எடுத்துக் கட்டில் விளிம்பில் தட்டி உரித்து, உப்பு இல்லையே என்று குறைபட்டுக்கொண்டே தானே தின்றாள். மஞ்சள் கரு அவள் கடைவாயில் ஒட்டியிருந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வெளியே போனாலும் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். எண்ணெயில் மிதக்கிற கத்திரிக்காயை விரலால் வழித்துச் சோற்றில் பிசைந்தான். தையல் போட்டவளுக்கு ரசமும் ரொட்டியும், நடந்து திரிகிறவனுக்குக் கறித்துண்டு. ஆம்பூரிலிருந்து வரும்போது அம்மாவுக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டேன். பன் என்றான். எலும்பைச் சப்பிக்கொண்டே சொன்னான்.

சரி, மாவாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், முட்டைக்கும் பருப்புக்கும் தடை போட்ட அத்தைக்கு அந்த மாவின் மேல் ஒரு ஆட்சேபணையும் இல்லை. அது வெள்ளை டப்பாவில் மூடி போட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஆகவே அது மருந்து.

முதல்முறை அதைச் சூடான பாலில் கலக்கியவள் நான். மேலே வெனிலா வாசனை வந்தது. அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெதுவாக எழும்பி வந்தது. மரம் ஒட்டுவதற்கு ஆசாரி வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சும்போது வருமே, அந்த வாசனை. அதற்கும் பின்னால் போனால், சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில், தோல் ஷாப்புக்குப் பின்புறம் சுண்ணாம்பில் ஊறின வெட்டுத் துண்டுகளையும் ஜவ்வையும் குவித்து வைத்திருப்பார்கள். வஜ்ஜிரம் காய்ச்சுகிறவர்களின் லாரி வரும்வரை அது அங்கேயே கிடக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன். அந்தக் குவியல் இப்போது என் கையில் இருந்த டம்ளரில் வெனிலா போட்டுக்கொண்டு நின்றது.

என் மூக்கு எதையாவது கற்பனை செய்துகொள்ளும் என்று நினைத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். உடம்பு ஒருமுறை உலுக்கிப் போட்டது. காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

சம்மதம் வாங்க வந்த அந்த ஆராய்ச்சிப் பெண் அம்மாவின் தொடையை அளவு நாடாவால் சுற்றி அளக்கவும், கையால் ஒரு கருவியை அழுத்தச் சொல்லிப் பலம் பார்க்கவும் அடிக்கடி வருவாள். அடுத்தமுறை வந்தபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டு மாவு எதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது, நன்றாகச் சுத்தம் செய்து, வேகவைத்து, உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும்படி பொடியாக்குகிறார்கள், மாத்திரையின் மேல் உறைகூட இந்த வகையறாதான், உண்கிற தரத்தில் செய்தது, பயமில்லை என்றாள். அதனால்தான் சைவம் சாப்பிடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை, சேர்க்கும்போதே உங்கள் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் எல்லாம் சொன்னோம் என்றாள். அண்ணனுக்குச் சொன்னது போனுக்குள் போயிருக்கும். அம்மா அன்று வலியில் முனகிக்கொண்டிருந்தவள்.

"வேணாம்னா எப்ப வேணா விலகிக்கலாம் மேடம். முட்டை, பருப்பு ஒழுங்கா சாப்ட்டா அதுவே போதும். ரெண்டும் இல்லாம இருக்கறதுதான் ஆபத்து," என்றாள்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். அம்மாவிடம் சொன்னால் அந்த டம்ளரை இனித் தொடமாட்டாள். முட்டையையும் தொடமாட்டாள். பிறகு அவள் உடம்பில் சத்து என்று இறங்க வேறு வழியே இல்லை. ஊறின ரொட்டியைத் தின்றுகொண்டு, சதையெல்லாம் கரைந்து, சாகும்வரை அந்தப் படுக்கையில் கிடந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைச் சுவரைப் பார்க்கச் சொல்வாள். சொல்லாமல் விட்டால், அப்பாவின் சட்டையைக் குச்சியால் தூக்கியவளின் தொண்டைக்குள் தினமும் அதே தோலை ஊற்றுகிறவள் நான். எனக்கு என்மேல், அண்ணன்மேல், ஆராய்ச்சிமேல், தோலின்மேல், எல்லாவற்றின்மேலும் ஒரே ஓங்கரிப்பாக வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. கலக்கிக் கொடுத்தேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

குடித்தும் பலன் தெரியவில்லை. தொடை இளைக்க இளைக்க, அளவு நாடா ஒவ்வொருமுறையும் இன்னும் கொஞ்சம் இறுகியது. நிற்க வைத்தால் முன்பு நின்ற நேரம்கூட நிற்காமல் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிசியோதெரபி செய்கிறவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. ஆராய்ச்சிப் பெண்ணோ, டப்பா வேகமாகக் காலியாகிறது, அம்மா நன்றாகக் குடிக்கிறார்கள் போல என்று சந்தோஷப்பட்டாள். நானும் அதை நினைத்துக் குழம்பினேன். பாதி வேளை, நான் குளித்துவர வீட்டுக்குப் போகிற நேரங்களில், அத்தைதான் கலக்கிக் கொடுப்பாள். அதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டுக் கொஞ்சம் முன்னதாகவே திரும்பினேன். சர்ச்சில் ஆராதனை முடிந்து எங்கள் சபைப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்திருந்தது. ஒருத்தி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா என்கிற இனிப்பை வாங்கி வந்து, சர்க்கரை வியாதி இருக்கிற அம்மாவின் தலைமாட்டில் வைத்திருந்தாள். எல்லார் கையிலும் டம்ளர். அத்தை ஃபிளாஸ்க்கிலிருந்து பாலை ஊற்றி, வெள்ளை டப்பாவிலிருந்து ஸ்பூன் ஸ்பூனாக அள்ளிப் போட்டு, வந்தவர்களுக்கு உபசாரம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி டானிக், முட்டி வலிக்கு ரொம்ப நல்லது, நானே தினம் இரண்டு வேளை குடிக்கிறேன், இப்போதெல்லாம் மாடிப்படி ஏறுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன்கூட ஒரு டம்ளரை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். அம்மாவின் டம்ளரை எட்டிப் பார்த்தேன். வெறும் பால் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு எவ்வளவு போட்டாய் என்று அத்தையைக் கேட்டேன்.

"அர ஸ்பூன். ஜாஸ்தி போட்டா சூடு. தையலுக்கு ஆவாது," என்றாள்.

என் தலைக்குள் எதுவோ அறுந்தது. தன் முட்டிக்குத் தினம் இரண்டு வேளை வழிய வழிய, பார்க்க வந்தவர்களுக்கு ஒவ்வொரு ஸ்பூன், எலும்பு முறிந்தவளுக்கு அரை ஸ்பூன். முட்டையையும் இவளே தின்கிறாள், மாவையும் இவளே தின்கிறாள். கடைவாயில் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் கரு ஞாபகம் வந்தது.

"அத்தை, நீ குடிக்கறது இன்னான்னு தெரியுமா? மாட்டுத்தோலு. அப்பா ஷாப்புக்குப் பின்னாடி குமிச்சி வெச்சிருப்பாங்களே, அதத்தான் காய்ச்சிப் பொடி பண்ணி டப்பால போட்டிருக்காங்க," என்றேன்.

ஒருத்தி டம்ளரை மெதுவாக ஜன்னலில் வைத்தாள். இன்னொருத்தி வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். வயதான ஒருத்தி மட்டும், கறி தின்கிற வீடுதானே, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள். அண்ணன், யாரும் என்கிட்ட சொல்லலையே என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அத்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கிற சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் வாந்தியெடுக்கிற சத்தம் எனக்கு அருவருப்பாக இல்லை. இனிமையாக இருந்தது.

அது முடிந்த பிறகுதான் உறைத்தது. கட்டிலில் அம்மா இருக்கிறாள். அவள் காதிலும்தான் விழுந்திருக்கிறது.

திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். அம்மா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள். "மொத நாளே தெரியும். எத்தினி வருஷம் உங்கப்பா சட்டைய தொவச்சிருக்கேன்."

பிறகு ஏன் குடித்தாய் என்று கேட்டேன்.

"குடிக்கறப்ப கொமட்டுது. நீ அந்த பெட்பேன கொண்டாந்து வெக்கறப்ப அதவிட கொமட்டுது. ரெண்டுல ஒண்ணு ஒழியட்டுமேன்னுதான் குடிச்சேன்."

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்த அத்தையை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா யாரையும் கடிந்து பேசுகிறவள் இல்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் குடித்ததை நீ ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அம்மா கையிலிருந்த வெறும் பாலை என்னிடம் நீட்டி, ஒழுங்காக மாவு போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். தட்டில் மத்தியானத்து முட்டை இருந்தது. அத்தை அதை இன்னும் தின்றிருக்கவில்லை.

"அந்த முட்டையயும் உரி. சீழ் வெச்சா வெக்கட்டும்," என்றாள்.

சபைப் பெண்கள் போய்விட்டார்கள். நான் உரித்துத் துண்டாக்கிக் கொடுத்தேன். அம்மா ஒவ்வொரு துண்டையும் மாத்திரை விழுங்குவது போல விழுங்கினாள். நடுவில் ஒருமுறை ஓங்கரித்து, கையைக் காட்டி என்னை நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நான் சுவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆராய்ச்சிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொள்ளாத குறை. டப்பா தீர்ந்ததை வைத்து அம்மா குடித்ததாகக் கணக்கு எழுதிவிட்டாளாம். இனி அதையெல்லாம் திருத்த வேண்டும், அம்மாவின் அளவுகளைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மேலே கேட்க வேண்டும் என்றாள். வயதானவர்கள் எதைத் தின்றால் எழுந்து நடப்பார்கள் என்று இவர்கள் பாடுபட்டுக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். நடுவில் என் அத்தை அதைத் தின்றுவிட்டு மாடிப்படி ஏறுகிறாள். மருத்துவ உலகத்துக்கு எங்கள் குடும்பம் செய்த தொண்டு அதுதான். அந்தப் பெண் கோபப்படவில்லை. எல்லாக் கட்டிலிலும் இது நடக்கிறதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். போகும்போது பக்கத்துக் கட்டில்களின் டப்பாக்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போனாள்.

அம்மாவை ஆம்பூருக்கு அனுப்பவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அண்ணன் ஒப்புக்குத் தடுத்தான். பருப்பு, முட்டை, மீன், கூடவே அந்தக் கண்றாவி மாவு. ஒன்றைக்கூட அவள் ஆசையாகச் சாப்பிட்டதில்லை. ஒருநாள் டம்ளரை நீட்டும்போது, இந்த வாசனை அப்பாவை ஞாபகப்படுத்துகிறதா என்று கேட்டேன். ஏதோ பாசமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"உங்கப்பா குளிச்சிட்டு உள்ள வருவாரு. இது குளிக்காமயே வாய்க்குள்ள போவுது," என்றாள்.

தையல் சுத்தமாக ஆறியது. சீழ் என்று ஒரு சொட்டு இல்லை. ஆரம்பத்தில் தான் போட்ட பத்தியத்தால்தான் ஆறியது என்று அத்தை இன்றுவரை ஆம்பூரில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தொடையில் சதை மெள்ள மெள்ள ஏறியது. முதலில் கட்டிலிலிருந்து நாற்காலி, பிறகு சமையலறை வாசல் என்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனாள். குளியலறைக்கு மட்டும் நான் கூடப் போய்க்கொண்டிருந்தேன். பெட்பேன் போய்விட்டதே தவிர, உள்ளே பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அங்கேயும் அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள், நான் சுவரைப் பார்ப்பேன்.

ஒருநாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வாக்கரின் சத்தம் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அம்மா குளியலறை வாசலில் இருந்தாள். வழக்கம்போல அவள் தோளைப் பிடிக்கப் போனேன். அவள் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எங்க வர்ற?" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடக் கூடாது, விழுந்தால் திறக்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் பலமுறை சொல்லியிருந்தேன். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம், சோப்பு டப்பாவைத் திறக்கிற சத்தம், மறுபடி தண்ணீர். அவள் வெளியே வர ரொம்ப நேரமானது. சமையலறையில் தோசை கருகி நாறிக்கொண்டிருந்தது. கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் அவள் வரும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.